தலைக்கு மேலால் போன மாப்பிள்ளை

எனக்கு எண்பத்தைந்து வயது. பெற்றது ஏழு, வளர்த்தது ஒன்பது. மற்ற இரண்டும் எங்கிருந்து வந்தன என்று கேட்கிறவர்களுக்கு, வந்தன, சோறு இருந்தது, வளர்ந்தன என்பதுதான் என் பதில். ஒன்பதில் நான்கு பேர் இப்போது பிளேன் ஏறித்தான் என்னைப் பார்க்க வரவேண்டிய தூரத்தில் இருக்கிறார்கள். வரும்போதெல்லாம் எத்தனை மணித்தியாலம் பறந்தோம் என்றுதான் முதலில் சொல்வார்கள். அம்மா எப்படி இருக்கிறீர்கள் என்பது அதற்குப் பிறகு.

போன கிழமை பேத்தி ஃபோனைத் தடவி, கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஆகாய வழியில் எவ்வளவு தூரம், எத்தனை நிமிடம் என்று எனக்கு வாசித்துக் காட்டினாள். பிழை என்றேன். அவள் மறுபடியும் தடவினாள். அதே இலக்கம் வந்தது. நான் மறுபடியும் பிழை என்றேன். அந்தக் கணக்கு கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு. கொழும்பிலிருந்து என் கழுத்துக்கு எவ்வளவு நேரம் என்று அந்த ஃபோனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அறுபது வருடத்துக்கு மேலாக நான் ஒருவருக்கும் முழுதாகச் சொல்லாத கதை அது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆகவே மெதுவாகத்தான் எழுதுவேன். அவசரமுள்ளவர்கள் போய்த் தங்கள் வேலையைப் பார்க்கலாம்.

எங்கள் ஐயா, என் தகப்பன், யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து கிளிநொச்சிப் பக்கத்துக் கண்டாவளைக்கு வந்து காணி எடுத்தபோது எனக்குப் பத்து வயது. குளத்துத் தண்ணீர் வாய்க்கால் வழியே வரும், காடு வெட்டினால் வயல் உங்களுக்கு என்று கூட்டிவந்தார்கள். காடு வெட்டினோம். வாய்க்காலில் தண்ணீர் வந்தது. யானையும் வந்தது. ஆனால் எங்கள் வீட்டுக்கு ஒரு மணிக்கூடு மட்டும் வரவில்லை. அது ஒரு குறையாக எங்களுக்குத் தோன்றவுமில்லை. விடிந்தால் தெரியும், பசித்தால் தெரியும், இடையில் உள்ளதைத் தெரிந்துகொள்ள அவியல் இருந்தது.

அவியல் என்றால் கறி என்று நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கிடாரம் நெல்லை அடுப்பில் ஏற்றி, விறகு வைத்து, ஆவி வந்து, நெல் வாய் பிளந்து, இறக்கிப் பாயில் கொட்டும் வரை உள்ள நேரம்தான் எங்களுக்கு ஒரு அவியல். சந்தைக்குப் போய்வர மூன்று அவியல். மாமி வந்து எங்கள் வீட்டுக் குறைகளைச் சொல்லி முடிக்க இரண்டு அவியல். ஒரு அவியல் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் என்று பிற்காலத்தில் அறிந்தேன். அறிந்து பெரிதாக ஒரு பிரயோசனமும் வரவில்லை.

நெல் அவிப்பது என் வேலை. எங்கள் படலைக்கு, அதாவது வேலி வாசலுக்கு, பக்கத்தில், ரோட்டோரமாக மூன்று கல் வைத்த பெரிய அடுப்பு. காலையில் முதல் கிடாரத்தை ஏற்றும் நேரத்தில் கொழும்பிலிருந்து வடக்கே, யாழ்ப்பாணத்துப் பலாலிக்குப் போகிற பிளேன் எங்கள் தலைக்கு மேலால் இரைந்துகொண்டு போகும். மேகம் இருந்தால் சத்தம் மட்டும் போகும். அந்த நாளில் எங்கள் பக்கத்தில் பிளேனில் பிரயாணம் செய்கிறவர் ஒரே ஒருவர்தான்: வாய்க்காலும் மதகும் கட்டுகிற கொந்தராத்துக்காரர். அவர் மாதத்தில் ஒரு தரம் கொழும்புக்குப் போய்ப் பிளேனில் திரும்புவார். பலாலியில் இறங்கி, கார் பிடித்து, யாழ்ப்பாணம், சாவகச்சேரி, ஆனையிறவு, பரந்தன் என்று சுற்றி, எங்கள் படலையைத் தாண்டி, என் அவித்த நெல்லின் மேல் புழுதியை இறைத்துக்கொண்டு போவார். புழுதி விழுந்தால் கோபம் வரும். கோபம் வந்தால் நேரம் ஞாபகம் இருக்கும். பிளேன் தலைக்கு மேலால் போய் இரண்டரை அவியலில் அந்தக் கார் வரும். ஒரு தரம் அல்ல, பத்துத் தரம் பார்த்திருக்கிறேன். இரண்டு கிடாரம் இறக்கி, மூன்றாவதில் ஆவி வரத் தொடங்கும்போது கார்.

இப்படி நான் நெல் அவித்துக்கொண்டிருந்த காலத்தில், அறுபதாம் ஆண்டு அளவில், எனக்குச் சம்பந்தம் பேசி வந்தது. மாப்பிள்ளை கொழும்பில் ஒரு கந்தோரில் கிளாக்கர். தாய் சாவகச்சேரியில். தகப்பன் இல்லை. எல்லாம் தாய்மாமன்தான். அந்தத் தாய்மாமன் பென்சன் எடுத்த ஸ்ரேசன் மாஸ்டர். வெள்ளைக் கோட்டு, அதன் பையில் சங்கிலி போட்ட வெள்ளி மணிக்கூடு. முப்பது வருடம் அது ஒரு நிமிடம் முந்தியதுமில்லை, பிந்தியதுமில்லை என்று வந்த முதல் நாளே மூன்று தரம் சொன்னார். வடக்கு றெயில் பாதையில் எந்த ஸ்ரேசன் எத்தனையாம் கட்டையில் என்று வரிசையாக ஒப்புவிப்பார். கட்டை என்றால் எங்களுக்கு மைல். ஒருவரும் கேட்கமாட்டார்கள், ஆனாலும் ஒப்புவிப்பார்.

மாப்பிள்ளை அன்றைக்கு அதிகம் பேசவில்லை. தண்ணீர் கொடுத்தபோது என்னைப் பார்த்து, எதுவரை படித்தீர் என்று கேட்டார். மூன்றாம் வகுப்பு என்றேன், நெல்லுக் கணக்கு மட்டும் தெரியும் என்றேன். அது என்ன கணக்கு என்று கேட்டார். அவியலைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. யோசித்துப் பார்த்து, கொழும்பில் எல்லோரிடமும் மணிக்கூடு இருக்கிறது, எல்லோரும் பிந்தித்தான் வருகிறார்கள் என்றார். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் அவரைக் கட்ட ஓம் என்றேன். அழகும் இருந்தது. அதை மறைப்பானேன்.

வேறு ஒரு காரணமும் இருந்தது. மாமிக்கு ஒரு மகன். ஐயாவின் ஒரே தமக்கையின் ஒரே பிள்ளை, எனக்கு முறை மச்சான், எங்கள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் காணி. நல்லவன்தான். அவன் வாயைத் திறந்தால் எருதைப் பற்றித்தான் கதைப்பான். எருது என்ன தின்றது, எருதுக்கு எங்கே புண், எருது நேற்று எப்படிப் பார்த்தது. நான் எருதாகப் பிறந்திருந்தால் அவனோடு சந்தோஷமாக வாழ்ந்திருப்பேன். மாமிக்கு இரண்டு காணியையும் ஒன்றாக்க வேண்டும் என்று ஆசை. கொழும்பு மாப்பிள்ளை என்றதும் அவ மூன்று நாள் சாப்பிடவில்லை என்றார்கள். நான்காம் நாள் எங்கள் வீட்டில்தான் வந்து சாப்பிட்டா.

வைகாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நாள் வைத்தார்கள். முகூர்த்தம் ஒன்பது மணியிலிருந்து பத்துப் பத்து வரை. அதை விட்டால் பத்தரைக்கு இராகுகாலம். அந்த நாளை விட்டால் ஆவணி வரை இரண்டு பேருக்கும் பொருந்துகிற நாளே இல்லை என்று ஐயர் பஞ்சாங்கத்தை மூடினார்.

பொன்னுருக்கல் சாவகச்சேரியில் மாப்பிள்ளை வீட்டில் நடந்தது. தாலிக்குப் பொன் உருக்கினால், பிறகு கல்யாணம் வரை மாப்பிள்ளை வீட்டுப் படலையைத் தாண்டக்கூடாது என்பது எங்கள் வழக்கம். என்னுடையவருக்கு அன்று பின்னேரமே கந்தோரிலிருந்து தந்தி வந்தது. ஏதோ கணக்குப் பரிசோதனையாம், உடனே வரவேண்டுமாம். படலை தாண்டக்கூடாதவர் இருநூற்றைம்பது கட்டை தாண்டிப் போனார். கல்யாணத்துக்கு முதல் நாள் வியாழக்கிழமையும் லீவு கிடைக்கவில்லை.

இரவு மெயிலில் ஏறினால் விடிய விடியக் கிளிநொச்சியில் இறங்கலாம். எங்கள் வீட்டுக்குப் பத்துக் கட்டை. ஆனால் முப்பது வருடம் றெயிலை அனுப்பி அனுப்பிக் களைத்த அந்தத் தாய்மாமனுக்கு, தன் மருமகன் பிளேனில் வந்து தாலி கட்ட வேண்டும் என்று ஒரு எண்ணம் வந்துவிட்டது. இந்தக் காடெல்லாம் பார்க்கட்டும் என்றார். பார்க்கிறதற்குக் காட்டில் இருந்தது நாங்களும் யானையும்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் அவர் றெயிலில் வந்து இறங்கினார். பந்தல் சரியா, மணவறை சரியா என்று பார்த்துவிட்டு, முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, எல்லோருக்கும் கேட்கக் கணக்கை விளங்கப்படுத்தினார். கொழும்பிலிருந்து பிளேன் காலை ஏழு மணிக்குக் கிளம்பும். யாழ்ப்பாணத்துக்கு ஒன்றேகால் மணித்தியாலம். ஆனால் கிளிநொச்சி யாழ்ப்பாணத்துக்கு நாற்பது கட்டை முந்தியே வந்துவிடும். ஆகவே நாற்பது கட்டையைக் கழிக்க வேண்டும். கழித்தால் ஒரு மணித்தியாலம். மேலதிகமாகக் காருக்கு ஒரு மணித்தியாலம் தாராளமாகப் போட்டாலும், ஒன்பது மணி அடிக்க மாப்பிள்ளை பந்தலில் நிற்பார்.

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஸ்ரேசன் மாஸ்டர் சொன்னால் யார் மறுப்பது. கொழும்பிலிருந்து றெயிலில் வந்தால் உண்மையாகவே கிளிநொச்சி யாழ்ப்பாணத்துக்கு முந்தித்தானே வருகிறது. முப்பது வருடம் அந்த வரிசையில் ஸ்ரேசன்களை அடுக்கிய மூளை, பிளேனையும் அதே தண்டவாளத்தில் விட்டுவிட்டது.

நான் குசினி வாசலில், அடுப்படியோடு, நின்றேன். கல்யாணப் பெண் வாய் திறக்கக்கூடாது. திறந்தேன். பிளேன் பரந்தன் சந்தியில் நின்று ஆளை இறக்காது, எங்களைத் தாண்டிப் பலாலிக்குப் போய்விடும், அந்த நாற்பது கட்டையைக் கழிக்கக்கூடாது, கூட்ட வேண்டும் என்றேன். பிளேன் இரைந்து இரண்டரை அவியலுக்குப் பிறகுதான் கொந்தராத்துக்காரரின் கார் வருகிறது என்பதையும் சொன்னேன்.

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் பரவாயில்லை. சிரித்தார்.

"பிளேனைக் கிடாரத்திலை அளக்கிற பெட்டையை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன். சம்பந்தி, உங்கடை மகள் கொழும்புக்குப் போனால் காலிமுகத்திடலிலை அடுப்பு மூட்டிப்போடுவா."

முற்றம் முழுவதும் சிரித்தது. எங்கள் ஐயாவும் சிரித்தார். அவர் சிரித்தது எனக்கு இன்றும் சுடுகிறது.

மாமி மட்டும் சிரிக்கவில்லை. அவ நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டா. தம்பி, பெட்டை சொல்லுற மாதிரி நேரம் தப்பினால் என்ன செய்யப் போகிறாய், மணவறையில் இருந்த பெட்டையை யார் பிறகு கேட்பார்கள் என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டா. ஐயாவுக்குச் சிரிப்பு நின்றது. ஸ்ரேசன் மாஸ்டர் கோட்டுப் பையிலிருந்து மணிக்கூட்டை எடுத்து மேலே தூக்கிக் காட்டி, இது சொல்லுகிற நேரத்துக்கு மாப்பிள்ளை வந்து தாலி கட்டாவிட்டால் தான் எழும்பிப் போய்விடுவதாகச் சொன்னார். ஐயாவுக்கும் ரோசம் ஏறியது.

"சரி அக்கா. முகூர்த்தம் முடியிறதுக்குள்ளை அவர் வராட்டி, உங்கடை பெடியனையே மணவறையிலை இருத்துறன்."

என் தலை இப்படி ஒரு நொடியில் அடகு போனது. மாமி உடனே எழும்பித் தன் வீட்டுக்குப் போனா. திரும்பி வரும்போது கையில் ஒரு பை. உள்ளே மடிப்புக் கலையாத புதுப் பட்டு வேட்டி. யோசித்துப் பாருங்கள், அந்தப் பட்டு வேட்டி எத்தனை மாதம் காத்திருந்திருக்கும் என்று. மச்சானிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவன் எருதுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தான்.

அன்று படுத்தபோது எனக்கு அழுகை வரவில்லை. கணக்குத்தான் வந்தது. பிளேன் முதல் கிடாரம் ஏற்றும் நேரத்தில் போகும். அதிலிருந்து இரண்டரை அவியல். ஒன்பதும் பத்துமாக அவர்கள் சொன்னதை எல்லாம் விரல் விட்டுப் பார்த்தால், முகூர்த்தம் முடிந்து அரை அவியலுக்குக் கிட்டக் கடந்துதான் கார் படலைக்கு வரும். பிளேனை முன்னுக்குத் தள்ள என்னால் முடியாது. காரையும் தள்ள முடியாது. தள்ளக்கூடியது வேறு ஏதும் இருக்கிறதா என்று யோசித்தேன்.

எங்கள் வீட்டில் அப்போது ஒரே ஒரு மணிக்கூடுதான் இருந்தது, ஸ்ரேசன் மாஸ்டருடையது. அதற்குச் சாவி கொடுக்கிற விதத்தை அவர் பின்னேரம் ஊரையே கூட்டிவைத்துக் காட்டியிருந்தார். தலையைத் திருகினால் சாவி, தலையை இழுத்துத் திருகினால் முள்.

வெள்ளிக்கிழமை விடிய எனக்குப் பாலும் அறுகும் வைத்துத் தோய வார்த்தார்கள். ஈரத் தலையோடு குசினிப் பக்கத்தால் வந்தேன். ஸ்ரேசன் மாஸ்டர் கிணற்றடியில் நின்று வாளி வாளியாக வார்த்துக்கொண்டு தேவாரம் பாடினார். அவருடைய கோட்டு குசினித் தூணில் ஆணியில் தொங்கியது. சங்கிலி பளபளவென்று இருந்தது. அம்மா உள்ளே இடியப்பம் அவித்தா. நான் பிள்ளையாரை நினைத்துக்கொண்டேன். பிள்ளையார் கல்யாணம் கட்டாதவர், இது அவருக்கு விளங்காது என்று விட்டுவிட்டு, மணிக்கூட்டை எடுத்தேன். தலையை இழுத்தேன். பெரிய முள்ளை எட்டு இலக்கம் பின்னுக்குத் திருப்பினேன். ஏன் எட்டு என்றால், ஒன்பதாவது இலக்கத்துக்குப் போகும்போது தேவாரம் நின்றுவிட்டது.

எட்டு இலக்கம் என்றால் நாற்பது நிமிடம். முப்பது வருடம் ஒரு நிமிடம் பிந்தாத மணிக்கூடு, மூன்றாம் வகுப்புப் படித்த ஒரு பெட்டையின் கையில் நாற்பது நிமிடம் பிந்தியது.

கூறைப் பட்டுக்கு முன் உடுக்கிற சேலையோடு என்னை உள்வீட்டில் இருத்தினார்கள். யன்னலால் முற்றம் முழுவதும் தெரியும். ஐயர் ஓமத்துக்கு அடுக்கிக்கொண்டிருந்தார். மேளக்காரர் சாப்பிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது தெற்குப் பக்கத்தில் இரைச்சல் கேட்டது. வழக்கமாக நான் அடுப்பு மூட்டுகிற நேரம்.

பிள்ளைகள் முற்றத்துக்கு ஓடி, மாப்பிள்ளை வாறார் மாப்பிள்ளை வாறார் என்று கத்தினார்கள். அதைக் கேட்ட மேளக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழும்பினார்கள். மாப்பிள்ளை வந்தால் வாசிக்க வேண்டும், அதுதான் அவர்களுடைய வேலை. எந்தப் பக்கத்தால் வருகிறார் என்று பார்ப்பது அவர்களுடைய வேலை அல்ல. நாதஸ்வரம் முழங்கியது. தவில் அதிர்ந்தது. என் சித்தி ஒருத்தி ஆலாத்தித் தட்டோடு ஓடிவந்து, படலையில் ஒருவரையும் காணாமல் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, கடைசியில் தட்டை வானத்துக்குக் காட்டினா. ஐயா கையைக் கூப்பிக்கொண்டு அண்ணாந்து நின்றார். பிளேன் பந்தலுக்கு நேர் மேலால், வெள்ளையாக, தாழ்வாக, ஒரு மரியாதைக்கும் நிற்காமல் வடக்கே போய் மறைந்தது. தன்னுடைய கல்யாண வீட்டை அப்படித் தாண்டிப்போன மாப்பிள்ளை இந்தக் கண்டாவளையில் அவருக்கு முந்தியும் இல்லை, பிறகும் இல்லை.

மேளம் நின்றது. எல்லோரும் ஸ்ரேசன் மாஸ்டரைப் பார்த்தார்கள். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். இந்தப் பிளேன் என்னைக் காட்டிக்கொடுக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. மணிக்கூட்டில் நேரம் ஏழு இருபத்தைந்து. பிளேன் கொழும்பில் கிளம்புகிற நேரம் ஏழு மணி.

அவர் மணிக்கூட்டைக் காதில் வைத்துப் பார்த்தார். ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி பார்த்தார். வானத்தைப் பார்த்தார். முப்பது வருடம் பிழைக்காத மணிக்கூடு பிழையாக இருக்க முடியாது. அப்படியென்றால் என்ன?

"இருபத்தைஞ்சு நிமிசம். கொழும்பிலையிருந்து இருபத்தைஞ்சு நிமிசத்திலை வந்திட்டான். சோளகம் பின்னாலை பிடிச்சுத் தள்ளுது கண்டியளோ."

சோளகக் காற்று அன்றைக்கு வீசியது உண்மைதான். பந்தலில் கட்டிய தோரணம் இலேசாக ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில் ஒரு கடதாசிப் பட்டம் ஏறுவது சந்தேகம். ஆனால் எல்லோரும் நம்பினார்கள். ஒன்பது மணிக்கு முந்தியே மாப்பிள்ளை வந்துவிடுவார் என்று அவர் சொன்னதையும் நம்பினார்கள். மாமியின் முகம் பிட்டு மா போல வெளிறிப்போனது.

பிறகு காத்திருந்தோம். மணிக்கூட்டில் எட்டானது, எட்டரையானது, ஒன்பதானது. ரோட்டில் ஒரு மாட்டு வண்டி போனது. ஒன்பதே காலுக்கு மாமி பையை அவிழ்த்தா. ஒன்பதரைக்கு மச்சானைக் கிணற்றடிக்கு அனுப்பினா. ஐயா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மனத்துக்குள் கிடாரம் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். ஒன்று இறக்கியாயிற்று. இரண்டு இறக்கியாயிற்று. மூன்றாவது கொதிக்கிறது. மச்சான் பட்டு வேட்டியோடு வந்து பந்தல் ஓரத்தில் நின்றான். அவனுக்கும் அது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. எருதை யார் பார்ப்பது என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டானாம்.

மூன்றாவது கிடாரத்தில் ஆவி வரவேண்டிய நேரத்தில் ரோட்டில் புழுதி தெரிந்தது.

கார் வந்து நின்றது. மாப்பிள்ளை இறங்கினார். கொழும்பிலிருந்தே பட்டு வேட்டி, சால்வை, தலைப்பாகை எல்லாம் உடுத்திக்கொண்டு வரவேண்டும் என்று மாமன் கட்டளை போட்டிருந்தார், நேரம் மிச்சமாம். தலைப்பாகை பிளேன் கூரையில் முட்டியதால் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். பக்கத்தில் இருந்தவர் அதைச் சாப்பாட்டுப் பொட்டலம் என்று நினைத்து, என்ன கறி என்று கேட்டாராம். வழியில் சாவகச்சேரியில் தாயை ஏற்றியது, கோயிலில் தேங்காய் உடைத்தது, ஆனையிறவில் ரயருக்குக் காற்றுப் போனது, போன நேரத்தைப் பிடிக்கச் சாரதி காரைப் பறக்கவிட்டது, எல்லாம் சேர்ந்து முகம் புளித்துப்போய் இருந்தது.

ஸ்ரேசன் மாஸ்டர் மணிக்கூட்டை உயர்த்திக் காட்டினார். ஒன்பது ஐம்பத்தைந்து. முகூர்த்தம் முடியப் பதினைந்து நிமிடம் இருக்கிறது. ஐயா பந்தல் காலை விட்டார். மச்சான் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எருதைப் பார்க்க ஓடினான். என்னைக் கூட்டிவந்து மணவறையில் இருத்தினார்கள்.

அங்கேதான் வந்தது ஆபத்து. மாப்பிள்ளையின் கையில் ஒரு மணிக்கூடு கட்டியிருந்தது. நான் அதை எண்ணவில்லை. அவர் அதைப் பார்த்தார், குனிந்து மாமனிடம் மெல்லச் சொன்னார்.

"மாமா, என்ரை மணிக்கூட்டிலை பத்து முப்பத்தைஞ்சு."

பத்தரைக்கு இராகுகாலம். பக்கத்தில் இருந்த எனக்குக் கேட்டது. ஐயருக்கும் கேட்டிருக்கும். மாமன் அந்த மணிக்கூட்டைப் பிடித்துப் பார்த்தார். பிறகு, மேலே போனால் மணிக்கூடு இப்படித்தான் ஓடும், அங்கே காற்றுக் குறைவு, முள்ளுக்குப் பாரம் இல்லை, முந்தி ஓடிவிடும் என்றார். பென்சன் எடுத்த ஸ்ரேசன் மாஸ்டருக்கு எதற்கும் விளக்கம் இருந்தது. மருமகன் தாய்மாமனை எதிர்த்துப் பேசிப் பழகாதவர். மணவறையில் இருந்தபடியே முள்ளைத் திருப்பி, மாமனுடைய நேரத்துக்கு வைத்தார்.

ஐயர் மட்டும் பந்தல் விளிம்பால் வெயிலைப் பார்த்தார். என் காலடியில் விழுந்த நிழலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பெண்பிள்ளைகள் மணவறையில் பார்க்கவேண்டிய விதமாக நிலத்தைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமி, அரை மணித்தியால மந்திரத்தைப் பத்து நிமிடத்தில் சொல்லி முடித்து, கெட்டிமேளம் என்றார். ஊருக்கு அது நல்ல முகூர்த்தம். வெயிலுக்கு அது சுத்தமான இராகுகாலம். தாலி ஏறியது.

நாலாம் சடங்கு முடிந்து எங்களைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். றெயிலில்தான். பிளேன் என்ற சொல்லை அம்மா வீட்டில் எடுக்கவே விடவில்லை. ஸ்ரேசன் மாஸ்டரும் கிளிநொச்சி வரை காரில் வந்தார். அந்த நான்கு நாளும் இருபத்தைந்து நிமிடக் கதையை அவர் வந்தவர் போனவருக்கெல்லாம் சொல்லியிருந்தார். காற்று ஒவ்வொரு தரமும் பலத்தது.

ஸ்ரேசனுக்குள் போனதும் அவர் கால் தானாக மணிக்கூட்டுக்குக் கீழே போய் நின்றது. அந்தப் பெரிய வட்ட மணிக்கூட்டைப் பார்த்தார். பையிலிருந்து தன்னுடையதை எடுத்துப் பார்த்தார். மறுபடி மேலே பார்த்தார். றெயில் மணிக்கூட்டைப் பிழை என்று சொல்ல அவருக்கு வாய் வராது. தன்னுடையதைப் பிழை என்று சொன்னால், பிளேன் இருபத்தைந்து நிமிடத்தில் வரவில்லை, மருமகன் தாலி கட்டியது முகூர்த்தத்தில் இல்லை, எல்லாம் கொட்டுண்டு போகும். அவர் அங்கேயே நின்றார். கழுத்துப் பின்புறம் மட்டும் எனக்குத் தெரிந்தது. எனக்கு அப்போதுதான், அந்த மனிதர் பெருமைப்பட்ட ஒரே பொருளில் கை வைத்துவிட்டோமே என்று கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கொஞ்சம்தான்.

அவர் மணிக்கூட்டின் தலையை இழுத்து, மெல்ல முன்னுக்குத் திருப்பினார். எட்டு இலக்கம். மூடிப் பையில் போட்டார். பிறகு என்னிடம் வந்தார்.

"பிள்ளை, பிளேன் இரைஞ்சு எத்தினை அவியல் எண்டு சொன்னனீர்?"

"ரெண்டரை, மாமா."

"ஓம். ரெண்டரைதான்."

அவ்வளவுதான். றெயில் வந்தது. பெட்டியைத் தானே தூக்கி ஏற்றிவிட்டார்.

மாங்குளம் தாண்டும்போது என்னுடையவர், ஸ்ரேசன் மணிக்கூட்டைத் தானும் பார்த்ததாகச் சொன்னார். பிறகு கேட்காமல் கேட்கிற ஒரு பார்வை பார்த்தார். நான் கிணற்றடித் தேவாரத்திலிருந்து தொடங்கிச் சொன்னேன். அவர் சிரிக்கத் தொடங்கி வவுனியா வரை சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்கள் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். ஐம்பத்தோரு வருடம் ஒன்றாக இருந்தோம், அவர் அதை வெளியே சொல்லவில்லை. மாமனும் சாகும் வரை இருபத்தைந்து நிமிடக் கதையை விடவில்லை. நான் சபையில் இருந்தால் மட்டும், நிமிடம் சொல்லும் இடத்தில் அவருக்கு இருமல் வரும்.

ஐயாவுக்கும் மாமிக்கும் கடைசி வரை தெரியாது. இராகுகாலத்தில் கட்டினால் உருப்படாது என்கிறவர்களுக்கு, ஏழு பெற்று ஒன்பது வளர்த்ததைக் காட்டுகிறேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். கொழும்பிலிருந்து எங்கள் தலைக்கு மேல்வரை ஒரு அவியலும் கொஞ்சமும். அங்கிருந்து கழுத்துக்கு இரண்டே முக்கால். முழுவதும் சேர்த்துக் கிட்டத்தட்ட நான்கு அவியல். ஃபோன் என்ன சொன்னாலும் இதுதான் சரி.

பேத்தி, ஃபோனை அங்கே வைத்துவிட்டு இந்தக் கொப்பியைப் பிடி. முதலிலிருந்து உரத்து வாசி, எனக்கு ஒரு காது மந்தம். என் எழுத்தில் அவியலும் அவசரமும் ஒன்றுபோலத் தெரியும், பார்த்து வாசி. ஸ்ரேசன் மாஸ்டர் மணிக்கூட்டைத் திருப்புகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் மெதுவாகப் போ.